சந்தேகம் இருந்தால் பூஜ்யம்

பதினேழு பூஜ்யம், பதினாறு பூஜ்யம், பதினைந்து பூஜ்யம் என்று என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறது, லூர்துமேரி அக்காவின் பேனா எழுதிக்கொண்டு வருகிறது. நடுவில், பள்ளிக்கூட வராந்தாவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைச் சாய்த்து வாயைப் பிளந்தபடி ஏழாம் வகுப்பு யாழினி உட்கார்ந்திருக்கிறாள். மேல்வரிசையின் வலதுகோடியில் தொடங்கி இடதுகோடிவரை போய், கீழே இறங்கி, அங்கிருந்து திரும்பி வரவேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண், முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது அதில் எத்தனையாவது பல்; எண்ணுக்குப் பின்னால் நான் சொல்லும் குறி. பூஜ்யம் என்றால் நல்ல பல், ஒன்று என்றால் சொத்தை. யாழினியின் வாயைக் காலையிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டேன். பத்தில் ஒரு பிள்ளையை அன்றைக்கே இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்பது எங்கள் படிப்பில் சட்டம். காலையில் என்ன சொன்னேன் என்று பார்க்காமல், புதுப் படிவத்தில், இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவள்போலப் பார்த்துச் சொல்லவேண்டும். பிள்ளைக்கு அதில் பரீட்சை ஒன்றும் இல்லை, பரீட்சை எனக்குத்தான். அதே கண் அதே வாயை இரண்டு வேளை பார்த்தால் ஒன்றையே சொல்கிறதா என்று பிறகு கணக்குப் போடுவார்கள். போடட்டும். ஆனால் காலையில் பார்த்தது வெறும் வாய், இப்போது பார்ப்பது மதியச் சாப்பாட்டு வாய். இன்றைக்கு முட்டை. கொப்பளித்துவிட்டு வா என்று அனுப்பினால் முக்கால்வாசிப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் மஞ்சள்கருத் துணுக்கு ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. பஞ்சால் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன். இருபத்தாறு, பூஜ்யம். காலையிலும் இதையேதான் சொன்னேனா, தெரியவில்லை. தெரியவும் கூடாது.

அந்தத் தெரியக்கூடாது என்பதுதான் நேற்று சாயங்காலத்திலிருந்து என்னைப் பிடித்து ஆட்டுகிறது. இம்மானுவேல் எங்கள் கல்லூரியில் புள்ளிவிவரம் பார்க்கிறவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர், எங்கள் ஆய்வேடுகளெல்லாம் அவர் கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். இதற்குமுன் முடித்த பதினொரு பள்ளிக்கூடத்துப் படிவங்களையும் அவரிடம் கொடுத்திருந்தேன். நேற்று கூப்பிட்டு, உட்காருங்க மேடம் என்றார். நல்ல செய்திக்கு யாரும் உட்காரச் சொல்வதில்லை. “கப்பா ஒண்ணு வந்திருக்கு மேடம்,” என்றார். புள்ளிக்கு அப்புறம் என்ன என்று கேட்டேன். “புள்ளியே இல்ல. முழுசா ஒண்ணு.” கப்பா என்பது அந்த இரண்டு வேளைக் கணக்குக்கு வைத்திருக்கும் பெயர். ஒன்று என்றால் ஒரு பல்லில்கூடக் கண் பிறழவில்லை என்று அர்த்தம். புள்ளி எட்டைத் தாண்டினாலே கைகுலுக்குவார்கள், புள்ளி ஒன்பது வந்தால் கேசரி வாங்கிக் கொடுப்பார்கள். ஒன்று யாருக்கும் வராது. மனுஷக் கண்ணுக்கு வராது. இம்மானுவேல் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சந்தோஷப்பட்டுடாதீங்க என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஆய்வேட்டைக் கொடுக்க ஐந்து வாரம்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முதலில் புரட்டுகிற பக்கமே அதுதான். முழு ஒன்றைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிப்பார். அறுநூறு பிள்ளைகள், மூன்று வருஷம், எல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விடும். இருபத்தேழு பூஜ்யம். இனிக் கீழ்வரிசை.

மூன்று வருஷம் என்று எழுதினால் இரண்டு சொல்தான். ஏழு வருஷம் காரைக்குடியில் சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தவள் நான். வாரம் தவறாமல் ஒன்பது வயசு, பத்து வயசுப் பிள்ளை ஒன்று கன்னம் வீங்கி வரும். உள்ளே பார்த்தால் ஆறு வயசில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் வேர்வரைக்கும் போயிருக்கும். விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்க என்பார் அம்மா. அது விழுந்து முளைக்கிற பல் இல்லை, அதற்குப் பின்னால் எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை என்று நான் சொல்வேன், சொல்லிவிட்டுப் பிடுங்குவேன். ஒருநாள் அப்படிப் பிடுங்கிய பல்லைத் தட்டில் போட்டபோது கை நின்றுவிட்டது. வலி வந்தபிறகு இவர்கள் என்னிடம் வருவதைவிட, வலி வருவதற்கு முன்னால் நான் இவர்களிடம் போகவேண்டாமா என்று தோன்றியது. பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, அலுப்புத்தான். அதற்கென்று மேல்படிப்பு ஒன்று இருக்கிறது, பொது சுகாதாரப் பல் மருத்துவம். கூடப் படித்தவர்கள், வேறு எதுவும் கிடைக்காதவர்கள் போகிற பிரிவாச்சே அது என்று வாய்விட்டே சிரித்தார்கள். பல்லைத் தொடாத பல் டாக்டர் என்று பெயரும் வைத்தார்கள். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வாயை எண்ணுவதற்கு ஒரு படிப்பா என்று மாமியார் கேட்டார், கேட்டுவிட்டு என் மகளுக்குச் சடை பின்ன ஆரம்பித்தவர்தான், இன்றுவரை அவர்தான் பின்னுகிறார். என் கணவர் தேவேந்திரன் மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கிவிட்டு வந்து பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார். ஒருநாள்கூட எப்போது முடியும் என்று கேட்டதில்லை. கேட்காததற்கு நான் நன்றி சொன்னதுமில்லை. இவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கை பிடித்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வராந்தாவில் விட்டிருக்கிறார்கள், நான் முழு ஒன்றை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். நாற்பத்தாறு, பூஜ்யம். நாற்பத்தேழு, பூஜ்யம். எழுந்திரும்மா யாழினி, போய் வகுப்பில் உட்கார்.

அடுத்தது ஷபானா. தலையில் போட்ட துப்பட்டா கழுத்துக்கு நழுவிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்காருகிறாள். “வாயை நல்லாத் தெறம்மா தங்கம், டாக்டரு சும்மா எண்ணத்தான் போறாங்க,” என்று அக்கா சொல்கிறார். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் தோள் இறங்குகிறது, வாய் திறக்கிறது. பன்னிரண்டு பள்ளிக்கூடத்திலும் வாய்களைத் திறந்தது இந்தக் குரல்தான். எனக்குப் பட்டம் இருக்கிறது, வெள்ளைக் கோட்டு இருக்கிறது, அவற்றைப் பார்த்தால் பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள். லூர்துமேரி அக்கா எங்கள் துறையில் பதினான்கு வருஷமாக உதவியாளர். விடியுமுன் வந்து ஐம்பது வாய்க் கண்ணாடிகளையும் ஐம்பது கம்பிகளையும் கொதிகலனில் வேகவைத்து, காகித உறையில் தனித்தனியாகப் போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றுவார். யாரும் அவருக்குப் பல் எண்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்னால் படித்துப்போனவர்கள் உளறுவதைக் கேட்டுக் கேட்டு அவரே பிடித்துக்கொண்டார். இப்போது நான் இருபத்துமூன்று என்று வாயெடுப்பதற்குள் பேனா அந்தக் கட்டத்தின்மேல் போய் நிற்கிறது. நாலாவது பள்ளிக்கூடத்தில் எனக்கு மாதவிலக்கு நாள் தப்பி வந்து உடையெல்லாம் நனைந்துவிட்டது. ஐம்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், தலைமையாசிரியர் எதிரே நிற்கிறார். அக்கா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, டாக்டருக்குக் குளிருதாம் என்று சொல்லிக்கொண்டே என் இடுப்பில் சுற்றிவிட்டார். சித்திரை மாதம். தலைமையாசிரியர் ஒன்றும் கேட்காமல் திரும்பி நடந்தார். படிவம் எழுதுகிற அந்தக் கையையா நான் சந்தேகப்படுகிறேன். பதினாறு பூஜ்யம். பதினைந்து பூஜ்யம். பதினான்கு, பதினான்கில் ஒரு கறுப்புக் கோடு.

கோட்டைத் தடவிப் பார்க்கிறேன். நுனி உருண்டையான கம்பி, குத்தக்கூடாது, அழுத்தக்கூடாது, சும்மா தடவவேண்டும். சிக்கினால் ஒன்று, வழுக்கினால் பூஜ்யம். இது சிக்குகிற மாதிரியும் இருக்கிறது, வழுக்குகிற மாதிரியும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பூஜ்யம் என்பது எங்கள் சட்டம், கணக்கெடுப்பில் சந்தேகத்தின் பலன் பல்லுக்குத்தான். ஆஸ்பத்திரியில் சட்டம் நேர்மாறு, சந்தேகம் வந்தால் குடைந்து அடைத்துவிடவேண்டும். ஏழு வருஷம் குடைந்து அடைத்த கை இது. அதனால்தான் இரண்டாம் வருஷம் கண்ணைப் பழக்கும் பயிற்சியில் நான் குப்புற விழுந்தேன். நாங்கள் நாலு பேர், ஒரே இருபது பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். மற்ற மூவரும் புள்ளி எட்டு வாங்கினார்கள், எனக்குப் புள்ளி ஐந்து. எங்கு பார்த்தாலும் சொத்தை சொத்தை என்று சொல்லி வைத்திருந்தேன். மேடம் ஊரிலுள்ள பல்லையெல்லாம் பிடுங்கிடுவாங்க போலயே என்று கூட இருந்த பையன்களில் ஒருவன் சொன்னான், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கருவி கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முப்பத்துமூன்று வயசில், பிள்ளை பெற்றவள், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அக்கா உள்ளே வந்து, நான் அங்கே இல்லவே இல்லை என்பதுபோலத் தட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தார். மூன்று தட்டு தேய்த்து முடிக்கும்வரை அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நானும் ஒரு தட்டை எடுத்தேன். மறுநாளிலிருந்து என் வேலைக்கு எழுத அவரைத்தான் கேட்டு வாங்கினேன். பதினான்கு, பூஜ்யம் என்கிறேன். சொன்னபிறகு, சந்தேகம் இருந்தால் பூஜ்யம் என்பது பல்லுக்கு மட்டும்தானா, ஆளுக்கும் உண்டா என்று ஒரு கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது. ஆளுக்கும் உண்டு என்றால் இப்படியே விட்டுவிடலாம். விட்டுவிட்டால் இந்தப் பிள்ளைகளின் பல் பொய்யாகிவிடும். இந்த ஒன்றியத்துக்கு எத்தனை பல் டாக்டர் வேண்டும் என்று என்றைக்காவது ஒருத்தர் கேட்டால், நான் எழுதி வைத்ததைத்தானே எடுத்துக் காட்டுவார்கள்.

இருபத்துநான்கு பூஜ்யம். அக்காவின் மடியைப் பார்க்கிறேன். அட்டையின்மேல் ஷபானாவின் புதுப் படிவம். அட்டைக்கு அடியில், மடியிலேயே, காலையில் எழுதிய ஐம்பது படிவங்களும் ரப்பர் பட்டை போட்டு இருக்கின்றன. பதினொரு பள்ளிக்கூடத்திலும் அங்கேயேதான் இருந்திருக்கும். நான் இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சாண் தள்ளியிருக்கும் மடியைப் பார்க்கவில்லை. காலைப் படிவங்களை உறையில் போட்டு ஒட்டி வண்டியில் வைத்துப் பூட்டவேண்டும் என்று எங்கள் கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதைப் பரீட்சையில் நானே எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வண்டி ஓட்டும் கருப்பையா அண்ணனிடம் சாவியைக் கேட்டு வாங்கச் சோம்பல். அதுதான் உண்மை. தப்பு என்று பார்த்தால் முதல் தப்பு என்னுடையது. பேசாமல் கேட்டுவிடலாம், அக்கா நீங்கள் மாற்றி எழுதினீர்களா என்று. அவர் இல்லை என்றுவிட்டால்? இல்லை என்றால் நம்பவேண்டும், நம்பினால் கப்பா ஒன்றாகவே இருக்கும். ஆமாம் என்றுவிட்டால் பதினான்கு வருஷம் வேலை பார்த்த ஆளைத் துறையில் எல்லோர் முன்னாலும் நிறுத்தவேண்டி வரும். இரண்டுமே வேண்டாம், கேட்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று நேற்றே யோசித்து வைத்திருந்தேன். ஒரு நல்ல பல்லை வேண்டுமென்றே சொத்தை என்று சொல்லவேண்டும். அவர் ஒன்று என்று எழுதினால் அவர் சுத்தம், கணக்கில்தான் ஏதோ கோளாறு. பூஜ்யம் என்று எழுதினால் தெரிந்துவிடும். யோசித்தபோது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. சால்வையைச் சுற்றிவிட்ட ஆளுக்குப் பொறி வைக்கிறேன். முப்பத்தேழு பூஜ்யம். நாற்பத்தேழு பூஜ்யம். போய்ட்டு வாம்மா ஷபானா.

மூன்றாவது ஆள் கீர்த்தனா. பல்வரிசை என்றால் இவளுடையதுதான், இருபத்தெட்டும் பளிச்சென்று இருக்கிறது, ஒரு கோடு கிடையாது, ஒரு கறை கிடையாது. இப்படி ஒரு வாயைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும், யார் பெற்ற பிள்ளையோ என்று கும்பிடத் தோன்றும். பொறி வைக்க இதைவிடத் தோதான வாய் கிடைக்காது என்று தோன்றுகிற அதே நொடியில் இந்த வாயிலா என்றும் தோன்றுகிறது. பதினேழு பூஜ்யம், பதினாறு பூஜ்யம். அடுத்த பிள்ளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து பூஜ்யம். அடுத்த பிள்ளைக்கும் இதையேதான் சொல்லுவேன், அதற்குள் ஐந்தும் முடிந்துவிடும், வண்டி கிளம்பிவிடும், அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். இருபத்தொன்று பூஜ்யம். இருபத்தேழு பூஜ்யம். கீழே இறங்குகிறேன். முப்பத்தேழு பூஜ்யம். முப்பத்தாறு. கண்ணாடியில் அந்தப் பல் ஈரமாக, முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் தெரிகிறது. “ஒண்ணு,” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பார்த்தேன். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. ஒன்று எழுதவில்லை, பூஜ்யமும் எழுதவில்லை. நான் முப்பத்தைந்துக்குப் போகவில்லை, அவரும் அடுத்தது என்று கேட்கவில்லை. வகுப்புக்குள் யாரோ ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனா கையை உயர்த்தி என் கண்ணாடியை விலக்கினாள். காலையிலிருந்து வரிசையில் நின்று கேட்டுக் கேட்டு இவர்களுக்கும் குறியெல்லாம் மனப்பாடம். “எனக்குச் சொத்தையா டாக்டர்? காலைல எதுவுமே இல்லன்னு சொன்னீங்களே,” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

இதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாம் யோசித்தேன், கெட்டிக்காரி, வாய் ஒரு ஆளுக்குச் சொந்தம் என்பதை யோசிக்கவில்லை. இல்லடா கண்ணு, உனக்கு ஒண்ணும் இல்ல, இந்தப் பள்ளிக்கூடத்திலேயே உன் பல்லுதான் நல்ல பல்லு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்று அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என்னை நம்பாமல் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினார், அதன்பிறகுதான் நம்பினாள். மீதிப் பற்களை வேகமாகச் சொல்லி முடித்து அவளை அனுப்பினேன். அடுத்த பிள்ளையைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன் என்பதும் பொய்தானே, அதையாவது சரிசெய்ய வேண்டாமா. “அக்கா, அது தப்பு இல்ல. உங்களச் சோதிக்கத்தான் சொன்னேன்,” என்றேன். குரல் என் குரலாக இல்லை. அக்கா பேனாவின் மூடியைப் போட்டார். “தெரியும் டாக்டர்,” என்றார். “ஒண்ணுன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு மூச்சு நிப்பாட்டுவீங்க. மனசு வராம, இல்லாமப் போயிறாதான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவீங்க. அறுநூறு பிள்ளைக்கும் அப்படித்தான். இப்ப நிப்பாட்டல.” என்னைப் பெற்றவர்கள், கட்டியவர், படிப்பித்தவர்கள் யாரும் என் குரலை அப்படிக் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. அவமானமும் நன்றியும் ஒரே நேரத்தில் வந்தன, எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. முதல் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தடவை பார்க்கும்போது ஒரு பல்லில் காலையில் சொன்னதற்கு மாறாகச் சொன்னேனாம். அவருக்குக் கருவி கழுவும் அறை ஞாபகம் வந்துவிட்டதாம். உங்க கூடப் படிக்கிற பிள்ளைங்க மறுபடி உங்களப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னுதான், வேற ஒண்ணும் நினைக்கல என்றார். அதன்பிறகு மாறி வந்த இடத்திலெல்லாம் காலைப் படிவத்தைப் பார்த்து அதையே எழுதியிருக்கிறார். எத்தனை இடம் அக்கா என்று கேட்டேன். “முப்பத்தொரு எடம். ராத்திரி ஜெபம் பண்றப்ப வரும், அதனால எண்ணி வச்சிருக்கேன்.” ஐம்பத்தைந்து பிள்ளைகள், ஆளுக்கு இருபத்தெட்டு பல், ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேல். அதில் முப்பத்தொன்று. தலைக்குள்ளேயே போட்டுப் பார்த்தேன், இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தேன். புள்ளி எட்டுக்குக் குறையாது. தலைநிமிர்ந்து கொடுக்கக்கூடிய எண். அவர் விட்டிருந்தால் அதுவே வந்திருக்கும், அவர் காப்பாற்ற நினைத்த கண் காப்பாற்றத் தேவையில்லாத அளவுக்குத் தேறியிருந்தது. இதைச் சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டால் எனக்குத் தெரிந்த நல்ல சேதி அவருக்குத் தெரியாமல் போகும். சொன்னேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிறுவயதில் குடித்த தண்ணீரால் பழுப்பேறிய தன் பற்களை மறைக்க எப்போதும் செய்வதுதான், ஆனால் இப்போது கையை எடுக்காமலே பேசினார். “அப்ப நீங்க நல்லாத்தான் பாத்திருக்கீங்க,” என்றார்.

ஐம்பத்தைந்து பிள்ளைகளையும், இன்றைக்குப் பார்த்த இந்த மூன்று பேரையும் மறுபடி பார்க்கவேண்டும். பதினொரு பள்ளிக்கூடத்துக்கும் மறுபடி போகவேண்டும், மறுபடி அனுமதிக் கடிதம், மறுபடி கருப்பையா அண்ணனின் வண்டி. ஐந்து வாரத்தில் முடியலாம், முடியாமலும் போகலாம். முடியாவிட்டால் ஆறு மாசம் தள்ளிப்போகும், என் கூடப் படித்தவர்களெல்லாம் மேல்பட்டத்தோடு வெளியே போவதை நின்று பார்க்கவேண்டும். இம்மானுவேலிடமும் எனக்கு வழிகாட்டும் சாரிடமும் இன்றைக்கே போய், படிவத்தைப் பூட்டி வைக்காதது என் தப்பு, அதனால் இரண்டாம் தடவைக் கணக்கு செல்லாது என்று சொல்லவேண்டும். நினைக்கும்போது பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நேற்றிலிருந்து நெஞ்சில் இருந்த பயம் இது இல்லை, இது வேலைப் பயம், இதோடு சாப்பிடலாம், தூங்கலாம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அக்கா தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, எழுத வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க டாக்டர், படிச்ச பிள்ளைங்க யாராச்சும் வருவாங்க என்றார். எழுந்து மடியிலிருந்த ஐம்பது படிவங்களையும் என் கையில் கொடுத்தார். நான் அதை எடுத்துப்போய்க் கருப்பையா அண்ணனிடம் சாவி வாங்கி வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். வெயிலில் நடந்துபோய்த் திரும்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வந்து புதுப் படிவம் ஒன்றை அட்டையில் செருகி அவர் கையில் வைத்தேன். “நீங்கதான் எழுதணும்,” என்றேன். “ஆனா நான் தப்பாச் சொன்னா தப்பாவே எழுதுங்க அக்கா. என் தப்பை எனக்கே குடுத்துருங்க.”

அவர் அட்டையை வாங்கிக்கொண்டார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கி, என் பக்கம் பார்த்துக் கிடந்ததை அப்படியே திருப்பி, சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, நீலச்சேலை, நரை ஓடிய கொண்டை. என்ன அக்கா என்றேன். படிவத்தைப் பூட்டியாச்சு, காலைல நீங்க சொன்னது என் தலைக்குள்ள இருக்கே டாக்டர், அதை எங்க பூட்டுறது, என் மூஞ்சியப் பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சிரும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாலாவது பிள்ளை மோனிஷ் வந்து உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தான். பதினேழு பூஜ்யம், பதினாறு பூஜ்யம். முதுகு அசையவில்லை, பேனா ஓடும் சத்தம் மட்டும் வந்தது. மேலே முடிந்தது, கீழே இறங்கினேன். நாற்பத்தாறில் ஒரு பள்ளம். துடைத்தேன், தடவினேன். சிக்கியது. இன்னொரு தடவை தடவினேன். காலையில் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. என்னை அறியாமல் மூச்சு நின்றது, அது நிற்பதை இந்த முறை நானும் கேட்டேன். “ஒண்ணு,” என்றேன். முதுகு ஒரு நொடி விறைத்த மாதிரி இருந்தது, இல்லாமலும் இருக்கலாம். பேனா காகிதத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. “ஒண்ணு, எழுதிட்டேன் டாக்டர்,” என்றார் அக்கா. “அடுத்தது சொல்லுங்க.”